அரை பைட் யாருக்கு

செவ்வாய்க்கிழமை மாலை என் அக்கா மறுபடியும் செத்துப்போனாள். செத்த இடம் ஒரு கிடங்கின் வாசல். துப்பாக்கியை நீட்டி, ஒரு காலைத் தூக்கி, போட்டோகிராபர் "அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டதைப் போல நின்றாள். எதிரணி ஆள் ஒருவன் நிதானமாக நடந்து வந்தான். அவளை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகுதான் சுட்டான்.

"சுட்டது கூடப் பரவாயில்லடா," என்றாள் அக்கா, மேஜையைக் குத்தி. "சுத்திப் பாத்தான் பாரு. நான் என்ன கண்காட்சியா?"

செத்தது கம்ப்யூட்டரில். ஹாலின் மூலையில் அவள் உயிரோடுதான் உட்கார்ந்திருந்தாள். பகல் முழுவதும் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. அடுத்தவர் வாய்க்குள் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நாள்பூராவும் பதில் பேச முடியாதவர்களோடு பழகுகிற ஒருத்திக்கு, மாலையில் யாரையாவது சுட்டால்தான் மனசு சமநிலைக்கு வரும் என்பது அவள் கட்சி. ஐந்து பேர் கொண்ட அணியில் அவள்தான் முதலில் உள்ளே நுழைகிற ஆள். ஹெட்செட்டின் ஒரு காது வேலை செய்யாததால் அணியின் பேச்சு முழுவதும் ஸ்பீக்கரில்தான் வரும். ஆகவே அவளுக்கு விழுகிற திட்டு எல்லாம் எங்கள் குடும்பத்துக்கே பொதுவாக விழும்.

"அக்கா உறைஞ்சது இந்த வாரத்துல எத்தனாவது தடவை?" என்றது ஸ்பீக்கர். அதுதான் கேப்டன். எந்த ஊர், எப்படி இருப்பார் என்று அக்காவுக்கே தெரியாது. எங்களுக்கு அவர் ஒரு குரல். படிக்கட்டில் ஏறச் சொல்வதற்குக்கூட "அடுத்த கட்டத்துக்குப் போகணும்" என்பார். ஏதோ ஓர் ஆபீஸில் பலரை உட்கார வைத்துப் பேசுகிறவர் என்று ஊகித்திருந்தோம்.

"லைன்ல ஏதோ கோளாறு கேப்டன்," என்றாள் அக்கா.

"ரவுட்டர்ல பாக்கெட் சைஸ் என்ன வச்சிருக்கீங்க?"

"தெரியாது கேப்டன்."

ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு வந்தது. "டீம்ல இருக்கற எல்லாருக்கும் இதைத்தான் தலையால தண்ணி குடிச்சுச் சொல்லிட்டிருக்கேன். ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்திரெண்டு வைங்க. ஞாயித்துக்கிழமை தகுதிச் சுத்து. அதுக்குள்ள சரி பண்ணலேன்னா ஸ்டெப்னி இறங்குவாரு. அப்புறம் அவர் இறங்கினா இறங்கினதுதான். இடம் அவருக்கு."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லக்கா," என்றது இன்னொரு குரல், எதையோ மென்றுகொண்டே. அதுதான் ஸ்டெப்னி, அணியின் மாற்று ஆள். அணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் களத்தில் இறங்காதவர். தினமும் மரியாதையாக வந்து, "அக்கா, உடம்பு எப்படி இருக்கு? லைன் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். இரண்டாவது கேள்வியில் கொஞ்சம் ஆசை தெரியும்.

அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. பல் டாக்டர் திட்டினால் கலங்காத கண்.

"இந்த இடத்துக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமாடா? முதல்ல வாசல்ல காவல் நிக்க விட்டாங்க. அப்புறம் மருந்து தூக்க விட்டாங்க. முதல் ஆளா உள்ள போக விட்டது போன மாசம்தான்."

பிறகு விஷயத்தை விளக்கினாள். இணையத்தில் எதுவும் முழுசாகப் போகாது. துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று ரவுட்டரில் ஓர் எண் இருக்கும். அந்த எண் நம் லைனுக்குத் தாங்காத அளவுக்குப் பெரிதாக இருந்தால், பெரிய பாக்கெட் வழியில் மாட்டிக்கொள்ளும், சின்னது மட்டும் போய்ச் சேரும். ஆள் இல்லாத தெருவில் ஓடும்போது விளையாட்டுக்குச் சொல்ல வேண்டிய சேதி கொஞ்சம்தான். நாலு பேர் ஒன்றாக எதிரே வந்துவிட்டால் சேதி பெருத்துவிடும். அப்போதுதான் அவள் உறைகிறாள்.

"நாலு பேர் வந்தா உறையறது உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே இருக்கே," என்றேன். "சொந்தக்காரங்க வந்தா கதவுக்குப் பின்னாடி நிப்ப."

தலையணை பறந்து வந்தது. அது உறையாமல் வந்து சேர்ந்தது.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். பாக்கெட் அளவு என்ற கட்டத்தில் 1500 என்று இருந்தது. அக்கா அதை அழித்து 1492 என்று தட்டப் போனாள். அந்த நேரம் பார்த்து அப்பா வேலையிலிருந்து வந்தார்.

அப்பாவுக்கு உத்தியோகம் ஒரு பார்சல் கம்பெனியில். பேக்கிங் பிரிவின் மேற்பார்வையாளர். வீட்டில் என்ன பேச்சு நடந்தாலும் அவர் காதில் விழுவது இரண்டு சொற்கள்தான்: அளவு, பெட்டி. அன்றைக்கு இரண்டில் ஒன்று ஏற்கெனவே பேச்சில் இருந்தது.

"என்ன சைஸ் பேசறீங்க?" என்று கேட்டு, ஷூவைக் கழற்றாமலே வந்து நின்றார். அக்கா வேறு வழியில்லாமல் மறுபடியும் விளக்கினாள். அப்பாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. என் பரீட்சை மதிப்பெண்ணுக்கு அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"இதை ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல? இது என் டிபார்ட்மெண்ட்! ஆயிரத்தி ஐநூறுதான் லிமிட்டுன்னா ஆயிரத்தி நானூறுதான் அடைக்கணும். முட்ட முட்ட அடைக்கற பொட்டி வழியில வாயைப் பிளக்கும். ஓரத்துல காத்து போக இடம் விடணும்."

"அப்பா, இது அட்டைப்பொட்டி இல்லப்பா."

"பொட்டி பொட்டிதாம்மா. உள்ள என்ன இருக்குங்கறது அனுப்பறவன் பாடு."

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அம்மா இயன்முறை மருத்துவர். வீட்டிலிருந்தே, நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகவே கழுத்துப் பயிற்சி நடத்துகிறாள். நோயையும் மருந்தையும் ஒரே கடையில் கொடுக்கும் ஏற்பாடு. ரவுட்டரில் கை வைக்கிறார்கள் என்றதும் அவள் குரல் உயர்ந்தது.

"யாரைக் கேட்டு மாத்தறீங்க? அது பொது ரவுட்டர். எல்லாரும் உக்காருங்க. பேசி முடிவு பண்ணுவோம்."

அக்கா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். காரணம் உண்டு.

எங்கள் வீட்டில் எந்தத் தகராறும் பேசித்தான் தீர்க்கப்படும். பேசித் தீராவிட்டால் சராசரி எடுக்கப்படும். அது அம்மாவும் அப்பாவும் கல்யாணமான புதிதில் சண்டை வேண்டாம் என்று செய்துகொண்ட ஏற்பாடு. யாரும் தோற்கக் கூடாது. ஆகவே யாரும் ஜெயிக்கவும் மாட்டார்கள். ஹால் சுவருக்கு அப்பா நீலம் என்றார், அம்மா மஞ்சள் என்றாள். நாலு பேருக்கும் பிடிக்காத ஒரு பச்சைக்கு நடுவில் நாங்கள் வாழ்கிறோம். மின்விசிறியை அப்பா ஐந்தில் வைக்கச் சொல்வார், அம்மா இரண்டில். திருகும் குமிழ் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நிற்பதால் விசிறி இருமிக்கொண்டே சுற்றுகிறது. நான் டாக்டர் ஆக வேண்டும் என்று அம்மாவும், மேனேஜர் ஆக வேண்டும் என்று அப்பாவும் ஆசைப்பட்டார்கள். நான் இப்போது கல்லூரியில் மருத்துவமனை நிர்வாகம் படிக்கிறேன்.

அம்மா தலைமை தாங்கினாள். "ஒவ்வொருத்தரா நம்பரைச் சொல்லுங்க. நான் ஆயிரத்தி ஐநூறு. கம்பெனிக்காரன் வச்சு அனுப்பினது. அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?"

"ஆயிரத்தி நானூறு," என்றார் அப்பா. "காத்து போகணும்."

"ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்திரெண்டு," என்றாள் அக்கா. "கேப்டன் சொன்னது. தயவுசெஞ்சு இதை மட்டும் விட்டுடுங்கம்மா. இதுக்கெல்லாம் சராசரி எடுக்க முடியாது."

"ஏன் எடுக்க முடியாது? நம்பர்தானே? கலரையே எடுத்தோம்," என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்தாள். "நீ?"

எனக்குக் கருத்து எதுவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஓட்டுப் போடாமல் இருப்பது அவமரியாதை. சுலபமாக ஞாபகம் இருக்கட்டும் என்று, "ஆயிரத்தி இருநூத்தி முப்பத்தி நாலு," என்றேன்.

"ஒண்ணு ரெண்டு மூணு நாலா?" அக்கா அலறினாள். "அது நம்பராடா? அது உன் போன் பாஸ்வேர்ட்டுடா!"

"வாக்காளரை மிரட்டக் கூடாது," என்றாள் அம்மா.

நாலையும் கூட்டி நாலால் வகுத்தோம். ஆயிரத்து நானூற்று ஆறரை வந்தது.

அந்த அரையில்தான் பிரச்சினை தொடங்கியது. ரவுட்டரின் கட்டத்தில் புள்ளி வைத்தால் கட்டம் சிவந்து, முழு எண் மட்டும் போடு என்றது. இந்த எண்ணுக்கு அலகு பைட். அரை பைட் என்று ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ரவுட்டருக்கும் தெரியவில்லை.

"மேல ஏத்திடலாம். ஆயிரத்தி நானூத்தி ஏழு," என்றார் அப்பா.

"நீங்க நானூறு சொன்ன ஆளு. திடீர்னு ஏன் ஏத்தறீங்க?" என்றாள் அம்மா.

"அரை கிலோ வந்தாலே ஒரு கிலோ கணக்கு. எங்க கம்பெனி வழக்கம்."

"என் கிளாஸ்ல அரைச் சுத்து கழுத்தைத் திருப்பினா அதை விட்டுட்டு மறுபடி முதல்லேர்ந்து எண்ணணும். அரைங்கறது கணக்குல வராது. ஆயிரத்தி நானூத்தி ஆறு."

அவர்கள் இருவரும் அரை பைட்டுக்காகப் பேசிக்கொண்டதை இங்கே எழுதினால், பிற்காலத்தில் எனக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். கடைசியில் யாரும் தோற்காத ஒரு முடிவு எட்டப்பட்டது. ஒருநாள் அப்பாவின் 1407, மறுநாள் அம்மாவின் 1406. மாறி மாறி. அரை பைட் இருவருக்கும் சமமாகப் போய்ச் சேரும். மாற்றும் நேரம், அப்பா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிய பிறகு, மாலை ஆறரை.

அக்கா அன்று 1407-இல் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடினாள். உறையவில்லை. கிடங்கில் நாலு பேர் வந்தார்கள், நாலு பேரையும் அனுப்பிவைத்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. "போனாப் போகுது. உங்க சராசரியை நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு ஓடினா சரி," என்றாள்.

ரவுட்டரில் அந்த எண்ணை மாற்றினால் அது ஒருமுறை அணைந்து, முழித்து, யோசித்து, மறுபடி எழுந்திருக்கும் என்பதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணியின் பயிற்சி தினமும் ஆறு மணிக்குத் தொடங்கும் என்பதையும்தான்.

புதன்கிழமை, அக்கா மாடியிலிருந்து எதிரணியின் தலைவனைக் குறிவைத்து மூச்சைப் பிடித்திருந்தபோது, அம்மா கடமை தவறாமல் 1406 போட்டாள். அக்கா ஆட்டத்திலிருந்தே காணாமல் போனாள்.

"அக்கா எங்க?" என்று கேப்டன் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

"லைன் எப்படி இருக்காம்?" என்று ஸ்டெப்னி கேட்டதாகவும்.

வியாழக்கிழமை அப்பாவின் முறை. அவர் வேலையிலிருந்து தாமதமாக வந்தார். ஆறரை தாண்டிவிட்டது, அம்மாவின் கழுத்து வகுப்பு தொடங்கிவிட்டது. தன் அரை பைட் ஒருநாள்கூட வீணாகக் கூடாது என்று அப்பா ஷூவோடு போய் 1407 போட்டார். அக்கா காணாமல் போனாள். உள்ளறையில் அம்மா, "மெதுவா இடது பக்கம் திருப்புங்க, நான் சொல்ற வரைக்கும் அப்படியே வச்சிருங்க," என்று சொல்லியிருந்த இடத்தில் வகுப்பும் காணாமல் போனது.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. "மேடம், இன்னும் இடது பக்கமேவா?" என்று ஒரு மாணவர் கோணலாகக் கேட்டார். குரலே இடது பக்கமாக வந்தது.

வீட்டில் பெரிய சண்டை வந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா, "நேரத்தை வேணும்னா மாத்திக்கலாம். முறையை மாத்தக் கூடாது," என்றாள். அப்பா ஆறரை என்றார், அம்மா ஐந்தரை என்றாள். ஆறு என்று முடிவானது. அதாவது, பயிற்சி தொடங்கும் அதே நேரம்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அம்மா தன் முறையை நிறைவேற்றிய பிறகு, ரவுட்டர் எழுந்ததும் ஸ்பீக்கரில் கேப்டன் பேசினார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலாம். ஆபீஸில் ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்போது பேசுவதைப் போலக் கனிவாகப் பேசினார்.

"முன்னாடி உறைஞ்சீங்க. அப்பவாவது ஒரு உடம்பு இருந்துது, பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டோம். இப்ப உடம்பும் இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை பாப்பேன். அவ்வளவுதான்."

"சரி கேப்டன்."

"நான் வேணும்னா சும்மா பக்கத்துல இருக்கேன்க்கா," என்றார் ஸ்டெப்னி.

அக்கா அன்று சாப்பாட்டுக்கு வரவில்லை. அம்மா கதவைத் தட்டினாள். "பசிக்கல" என்று உள்ளிருந்து பதில் வந்தது. அப்பா என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன். "ஒரு விளையாட்டுக்குப் போயி..." என்று அப்பா ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார். ஒரு கிழிந்த பெட்டிக்காகத் தூக்கம் கெட்டுப் படுத்திருந்த நாட்கள் அவருக்கும் உண்டு.

சனிக்கிழமை காலை, அம்மா காய்கறி வாங்கவும் அப்பா முடி வெட்டவும் போயிருந்தபோது, அக்கா என்னைக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டரில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்திருந்தது.

"ஓட்டு போட்ட பாவத்துக்கு உக்காரு. அளக்கப் போறோம்."

"எதை?"

"பாக்கெட்டை. நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாராச்சும் எதையாச்சும் அளந்திருக்கோமா?"

யோசித்துப் பார்த்தேன். ஜன்னல் திரையைக்கூடச் சராசரியாகத்தான் தைத்திருந்தார்கள். பாதி ஜன்னலை மூடும்.

அளக்கும் வேலை சுலபமாகத்தான் இருந்தது. ஓர் அளவு சொல்லி, "உடைக்காமல் கொண்டுபோ" என்று கட்டளையிட்டு, தொலைவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பாக்கெட்டை அனுப்ப வேண்டும். போய்விட்டு வந்தால் சரி. பெரிதாக இருந்தால், உடைக்காமல் அனுப்ப முடியாது என்று கறுப்பு ஜன்னல் கையை விரிக்கும். 1472 என்று அனுப்பினோம். கையை விரித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். 1464-இல் ஒழுங்காகப் போய்த் திரும்பி வந்தது. மறுபடி 1465. கையை விரித்தது.

"அப்ப ஆயிரத்தி நானூத்தி அறுபத்தி நாலா?"

"அது உள்ள இருக்கற சரக்கு மட்டும்டா. மேல ஒட்டற விலாசத்துக்கு இருபத்தெட்டு கூட்டணும்."

கூட்டினோம். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த எண்ணைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் எங்கள் வீட்டு வரலாற்றில் நடந்திராதது. ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு அப்பா முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, பாஸ்வேர்டு தவறு என்ற செய்தியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"இங்க பாரு," என்று அம்மாவைக் கூப்பிட்டார். "நம்மளை உள்ள விட மாட்டேங்குது."

"என்ன பண்ணின?" அம்மா அக்காவைக் கேட்டாள்.

"அளந்துட்டேன்மா. ஆயிரத்தி நானூத்தித் தொண்ணூத்திரெண்டுதான் வந்துது. அதை வச்சு, பூட்டிட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

ஹாலில் விசிறி இருமியது. அப்பா நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்தார். "ராணுவ ஆட்சி," என்றார்.

"அந்த நம்பரைத்தானே அவ முதல்லயே சொன்னா? அதைத்தான் சராசரியில சேர்த்தோமே, அப்புறம் என்ன?" என்றாள் அம்மா, உண்மையாகவே புரியாமல்.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "அம்மா, நான் சுவருக்கு கலர் கேக்கலம்மா. நான் ஆசைப்பட்டு வாங்கின ஒரே ஒரு இடம். நாளைக்கு நான் நடுவுல காணாமப் போனேன்னா அது போயிடும். இதுல எனக்குப் பாதி குடுத்தா எனக்கு ஒண்ணுமே குடுக்காத மாதிரி."

அப்பாதான் முதலில் எழுந்தார். ரவுட்டர் பக்கம் போய், அதைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் இருந்த தூசியை மட்டும் தட்டிவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படும்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் தகுதிச் சுற்று தொடங்கியது. மூன்று ஆட்டம், இரண்டு ஜெயித்தால் உள்ளே. அக்கா எங்கள் மூவரையும் சோபாவில் வரிசையாக உட்காரவைத்து, கைகளை மடியில் வைக்கச் சொன்னாள். பல் டாக்டரிடம் குழந்தைகளுக்குச் சொல்லும் அதே தோரணை.

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதில் தோற்றார்கள். அக்கா இரண்டிலும் உறையவில்லை. மூன்றாவது தொடங்கியபோது சுவர்க் கடிகாரம் ஆறைத் தொட்டது.

அப்பா எழுந்தார்.

"அப்பா!" என்றேன்.

"இன்னிக்கு யார் முறை?"

"யார் முறையும் இல்லப்பா. அதான் பூட்டியாச்சே."

"தெரியும்டா. மாத்த முடியாது. ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வந்துடறேன். ஒரு மரியாதைக்கு."

அம்மா அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "உக்காருங்க. என் முறையையும் நான் விட்டுட்டுத்தான் உக்காந்திருக்கேன்." இருவரும் கைகளைக் கோத்துக்கொண்டார்கள். பார்ப்பதற்குப் பாசம் போல இருந்தது. பரஸ்பரக் காவல்.

திரையில் கிடங்கு வந்தது. அதே வாசல். அக்கா முதல் ஆளாக நுழைந்தாள். எதிரே நாலு பேர் இல்லை, ஐந்து பேரும் ஒன்றாக நின்றிருந்தார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா, "காத்து போகுதா, காத்து போகுதா" என்று முணுமுணுத்தார்.

அக்கா நகர்ந்தாள். குனிந்தாள், உருண்டாள், ஒரு மூட்டைக்குப் பின்னால் போய் இரண்டு பேரைச் சாய்த்தாள். அவள் இத்தனை வேகமானவள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அவளைப் பெரும்பாலும் நின்ற நிலையில்தான் பார்த்திருந்தேன்.

"சூப்பர்க்கா! நான் மேலேர்ந்து வரேன், கவர் பண்றேன்!" என்று கேப்டன் கத்தினார். சுவர் மேலிருந்து குதித்தார்.

தரைக்கு வரவில்லை. பாதி வழியில், இரு கைகளையும் விரித்தபடி, காற்றிலேயே நின்றுவிட்டார்.

"கேப்டன்?" என்றாள் அக்கா.

பதில் இல்லை. எதிரணி மூன்று பேரும் ஒரு கணம் சுடுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். அப்புறம் அவரை அங்கேயே முடித்தார்கள். விதிப்படி, லைன் அறுந்தவருக்குப் பதிலாக மாற்று ஆளை இறக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவர் கேப்டன். கேப்டன் இல்லாவிட்டால், முதலில் நுழைகிற ஆள்.

"அக்கா, நான் வரட்டுமா?" ஸ்டெப்னியின் குரல் நடுங்கியது. முதல் முறையாக அவர் வாயில் எதுவும் இல்லை. "அவசரம் இல்ல. சட்டை மட்டும் மாத்திட்டு உக்காந்திருக்கேன்."

அக்கா ஒரு நொடி தயங்கினாள். ஸ்டெப்னி இறங்கினால் இறங்கினதுதான் என்று கேப்டன் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். இத்தனை நாள் அவள் பயந்தது இந்த ஆளின் வருகைக்குத்தான்.

"வா," என்றாள். "கதவு வழியா வராத. கூரை ஓட்டை வழியா குதி. பாத்து, முழுசா குதி."

ஸ்டெப்னி குதித்தார். முழுசாக. குதித்த இடம் எதிரணி ஆள் ஒருவனின் தலை. இத்தனை காலம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு யார் எங்கே ஒளிவார்கள் என்பது மனப்பாடமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல அக்கா சுட்டாள். திரையில் வெற்றி என்று வந்தபோது அம்மாவும் அப்பாவும் கோத்த கையோடே எழுந்து குதித்தார்கள், ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு சோபாவில் விழுந்தார்கள்.

"ஜெயிச்சுட்டமாக்கா? நான் இருந்தேனா அதுல?" என்று ஸ்டெப்னி திரும்பத் திரும்பக் கேட்டார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். தின்றுகொண்டும் இருந்தார்.

அப்போது கேப்டன் திரும்பி வந்தார்.

"என்ன ஆச்சு? யாரு ஜெயிச்சா?"

"நாமதான் கேப்டன். நீங்க உறைஞ்சுட்டீங்க."

"நான் உறையல. யோசிச்சிட்டிருந்தேன்."

"காத்துலயா?"

அப்பாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சோபாவிலிருந்து எட்டி, "சார் வணக்கம். நான் பொண்ணோட அப்பா. பார்சல் கம்பெனி. உங்க வீட்டுல பாக்கெட் சைஸ் என்ன சார் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆயிரத்தி ஐநூறு," என்றார் கேப்டன், மெல்ல. "கம்பெனிக்காரன் வச்சு அனுப்பினது. அவனுக்குத் தெரியாததா நமக்கு..."

"பாத்தியா!" என்று அம்மா என் தொடையில் அறைந்தாள். "படிச்சவங்க பேசற மாதிரியே நான் பேசியிருக்கேன்!"

அக்கா கையை உயர்த்தினாள். ஹால் அடங்கியது. அவள் குரல் சாந்தமாக இருந்தது. மயக்க ஊசி போடப் போகும்போது டாக்டருக்கு அருகில் நின்று பேசுகிற குரல்.

"கேப்டன், அடுத்த சுத்து வர ஞாயித்துக்கிழமை. நான் முதல் ஆளா உள்ள போறேன். ஸ்டெப்னியும் ஆடறாரு. எங்க ரெண்டு பேருக்கும் லைன் நல்லா இருக்கு."

"அப்ப அஞ்சு பேர்தானே? யாரு வெளிய?"

"உறையறவங்க வெளிய. நீங்கதானே சொன்னீங்க? ஒரு வாரம் உக்காந்து உங்க லைனை அளந்து பாருங்க. எப்படி அளக்கறதுன்னு நான் சொல்லித் தரேன். சரியானா அப்புறம் பேசுவோம்."

ஸ்பீக்கரில் எதுவும் வரவில்லை.

"கேப்டன்?"

எதுவும் வரவில்லை.

"மறுபடி உறைஞ்சுட்டாரு போல," என்றார் ஸ்டெப்னி கவலையோடு. "பாவம். நல்ல நேரத்துல போச்சு பாருங்க லைன்."

நாங்கள் நால்வரும் ஸ்பீக்கரைப் பார்த்தபடி காத்திருந்தோம். அப்பா அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். அப்போது, அந்த மௌனத்துக்கு உள்ளிருந்து, கொஞ்சம் தள்ளி, ஒரு சின்னப் பெண்ணின் குரல் துல்லியமாக, ஒரு துண்டுகூடச் சிதறாமல் வந்து சேர்ந்தது.

"அம்மா, இங்க வந்து பாரேன். அப்பா ஏன் வாயைத் திறந்துக்கிட்டு ஆடாம அசையாம உக்காந்திருக்காரு?"

அக்கா அணிப் பட்டியலைத் திறந்தாள். மாற்று ஆள் என்ற இடத்தில் இருந்த ஸ்டெப்னியை மேலே ஏற்றினாள். காலியான அந்த இடத்தில், மரியாதை குறையாமல், கேப்டன் என்றே தட்டினாள்.